ஓ.எல் இல்லை, அனுபவம் இல்லை, ஆரையும் தெரியாது: யாழ்ப்பாணத்தில் அரச உதவியோடு வேலைக்குப் போகிற வழி

“அக்கா, நான் ஓ.எல் பாஸ் பண்ணேல்லை. என்னை எங்கயாவது எடுப்பினமோ?”

எங்கள் ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கிற எனக்கு மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது இந்தக் கேள்வி வரும். கேட்கிறவர் முப்பத்தைந்து வயதுப் பெண்ணாக இருப்பார், கணவர் இல்லை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். இல்லாவிட்டால் பத்தாம் வகுப்போடு நின்ற பெடியன். இல்லாவிட்டால் செயற்கைக் கால் போட்ட ஒரு அண்ணை, கடைசிக் கதிரையில் இருந்து கொண்டு எல்லாரும் போன பிறகு மெதுவாகக் கேட்பார். எடுப்பார்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தப் பதிலுக்கும் கையில் முதல் சம்பளம் வருகிற நாளுக்கும் நடுவில் ஒரு கந்தோரில் இருந்து இன்னொரு கந்தோருக்குப் போகிற தூரம் இருக்கிறது, பஸ் காசு இருக்கிறது, பிள்ளையை ஆர் பார்ப்பது என்ற கேள்வி இருக்கிறது. திறமை இல்லாமல் வேலை கிடைக்காமல் போனவர்களை நான் குறைவாகத்தான் கண்டிருக்கிறேன், இந்த நடுவழியில் விழுந்தவர்கள்தான் அதிகம். எங்கெங்கே விழுகிறார்கள், அங்கே எப்படிக் கால் ஊன்றுவது என்று தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

அரசாங்கம் இதில் என்னதான் செய்கிறது

சுருக்கமாகச் சொன்னால், முதலாளி எடுக்கத் தயங்குகிற ஆளுக்காக அந்தத் தயக்கத்தின் செலவை அரசாங்கம் ஏற்கிறது. ஒரு கராச்காரர் முன்பின் தெரியாத பெடியனை எடுத்தால் ஆறு மாதம் பழக்க வேண்டும், அதற்குள் அவன் விட்டுப்போகலாம், சாமானை உடைக்கலாம். அந்தப் பழக்கும் காலத்துக்கு ஒரு ஒப்பந்தமும், பயிற்சி பெறுகிறவருக்கு ஒரு கொடுப்பனவும், முடிவில் நாடு முழுக்கச் செல்லுபடியாகிற ஒரு சான்றிதழும் இருந்தால் இரண்டு பக்கத்துக்கும் பயம் குறையும். நைற்றா என்று நாங்கள் சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகார சபையின் வேலை இதுதான். 1971-இல் தேசிய பயிலுநர் சபையாகத் தொடங்கியது, 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இன்றைய பெயருக்கு வந்தது. தொழிற்பயிற்சி அதிகார சபை 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது, அது தன் நிலையங்களுக்குள் வகுப்பு வைத்துப் படிப்பிக்கும். தொழில்நுட்பக் கல்லூரி வேறு திணைக்களம். கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016-இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனம், சனம் ஜேர்மன் ரெக் என்று சொல்வது, இன்னும் மேல்மட்டத் தொழில்நுட்பப் படிப்புகளைத் தருகிறது. இவற்றோடு வேலை தேடுகிறவரைப் பதிந்து, வழிகாட்டி, முதலாளியோடு தொடுத்துவிடுகிற மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களம் இருக்கிறது.

பெயர்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போகத் தேவையில்லை, சரியான ஒரு மேசையில் போய் இருந்தால் போதும்.

அந்த மேசை எங்கே

யாழ் மாவட்டத்தில் நெடுந்தீவில் இருந்து மருதங்கேணி வரை 15 பிரதேச செயலகங்கள், அவற்றின் கீழ் 435 கிராம அலுவலர் பிரிவுகள். வேலை விசயத்துக்குக் கச்சேரிக்கு ஓடுவதை விட உங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய், “மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைப் பார்க்க வேணும்” என்று பதவியின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். “வேலை விசயமாக வந்தனான்” என்று மட்டும் சொன்னால் வாசலில் இருப்பவர் நல்ல மனதோடுதான் உங்களை நாலு மேசைக்கு மாற்றி மாற்றி அனுப்புவார். பதவிப் பெயரைச் சொன்னால் நேரே போகலாம். அவரிடம் வேலை தேடுகிறவராகப் பதிந்துகொள்ளுங்கள், தொழில் வழிகாட்டல் கேளுங்கள், அடுத்த தொழிற்சந்தை எப்போது என்று கேளுங்கள். தொழிற்சந்தை என்பது கம்பனிகளையும் வேலை தேடுகிறவர்களையும் ஒரே மண்டபத்துக்குக் கூட்டி வருகிற நாள், அங்கே பல கம்பனிகள் அந்த இடத்திலேயே நேர்முகம் வைப்பார்கள்.

பொதுமக்கள் தினம் எந்தக் கிழமையில் என்று உங்கள் கிராம அலுவலரிடம், நாங்கள் ஜி.எஸ். என்று சொல்கிறவரிடம், கேட்டுவிட்டுப் போங்கள். மற்ற நாட்களில் உத்தியோகத்தர் வெளிக்களத்தில் இருக்கலாம். நெடுந்தீவுக்குள் ஒரு விசயம் முடியாமல், குறிகட்டுவானுக்குப் படகு ஏறி, அங்கிருந்து பஸ் பிடித்து யாழ்ப்பாணம் வந்து, “இன்றைக்கு அவர் இல்லை” என்ற பதிலோடு திரும்பிப் போகிறவருக்கு ஒரு நாள் உழைப்பும் போய் மனமும் விட்டுப்போகும். முதலே ஒரு போன்.

முதல் தடவை தனியாகப் போகாதீர்கள். இதை நான் எல்லாருக்கும் சொல்வேன். அக்கம்பக்கத்தில் கந்தோர் பழக்கம் உள்ள ஒருவரையோ, சங்கத்தில் ஒருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எதுவும் பேசத் தேவையில்லை. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நாங்கள் அவசரப்பட்டு எழும்பி வராமல் இரண்டாவது கேள்வியையும் கேட்போம்.

ஃபைல்

ஒரு பிளாஸ்ரிக் ஃபைல் வாங்குங்கள். அதற்குள் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், ஜி.எஸ். கொடுக்கிற வதிவிடச் சான்றிதழ், பள்ளிக்கூடம் விட்ட பத்திரம், ஓ.எல் எழுதியிருந்தால் பெறுபேறு (எத்தனை பாடம் சித்தி என்பது முக்கியம் இல்லை, எழுதியதே ஒரு பதிவுதான்), உங்கள் பெயரில் உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், இரண்டு மூன்று போட்டோ. ஒவ்வொன்றிலும் மூன்று போட்டோ கொப்பி. மூலப் பத்திரத்தைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

போன வருடம் என்னோடு வந்த ஒரு தங்கச்சியிடம் ஃபைல் இல்லை, பால்மா வாங்கின பையை இரண்டாக மடித்துக் கொண்டுவந்தா. அதற்குள் தண்ணியில் ஊறிக் காய்ந்து ஓரம் எல்லாம் பழுப்பாகிப்போன பிறப்புச் சான்றிதழ், அதில் தகப்பனின் பெயர் இருக்கிற வரி மட்டும் அழிந்து போயிருந்தது. “வன்னியில இருந்து இதொண்டுதான் மிச்சம் வந்தது” என்றா. உங்களுடையதும் இப்படியென்றால் அதை வெட்டி ஒட்டி லமினேற் பண்ணிக்கொண்டு திரியத் தேவையில்லை. பிறப்புப் பதிவாகியிருந்தால் பிரதேச செயலகத்தில் உள்ள பதிவுக் கிளையில் புதிய பிரதி எடுக்கலாம். பதிவே கிடைக்காவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளிக்கூடப் பத்திரம் தொலைந்திருந்தால் கடைசியாகப் படித்த பள்ளிக்கூடத்து அதிபரிடம் போங்கள், இடம்பெயர்ந்த பள்ளிக்கூடங்கள் பல திரும்ப இயங்குகின்றன, இடாப்பில் பெயர் இருந்தால் எழுதித் தருவார்கள். ஓ.எல் பெறுபேறு பரீட்சைத் திணைக்களத்தில் இருந்து எடுக்கலாம், சுட்டெண்ணும் எழுதிய ஆண்டும் தெரிந்தால் சுலபம்.

இந்தப் பத்திரங்கள் முழுதாகச் சேரும்வரை பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். முதலில் பதியுங்கள், குறைவதை என்ன என்று எழுதி வாங்குங்கள். எழுதி வாங்குங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு கந்தோரில் ஒரே ஆளை மூன்று தடவை திருப்பி அனுப்பினார்கள்: முதல் நாள் ஜி.எஸ். கடிதத்தின் திகதி பழசு, இரண்டாம் நாள் போட்டோவின் பின்பக்கம் உறுதிப்படுத்தவில்லை, மூன்றாம் நாள் படிவமே மாறிவிட்டது. நான் அன்றைக்குக் கூடப் போயிருந்தேன், எனக்குக் கண் கலங்கிப்போனது. நாலாம் நாள் ஒரு தாளைக் கொடுத்து, “தேவையான எல்லாத்தையும் இதில எழுதித் தாங்கோ சேர், திகதியும் போடுங்கோ” என்று கேட்டோம். எழுதித் தந்தார், அதோடு அந்த அலைச்சல் முடிந்தது. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் தமிழ்ப் படிவம் கேட்பது உங்கள் உரிமை. தெரிவு எப்படி நடந்தது, உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்று தெரிய வேண்டுமென்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும்.

வேலையில் இருந்து பின்னோக்கிப் பாருங்கள்

எனக்கு நெஞ்சில் கிடக்கிற விசயம் இது. எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது: ஏதாவது பயிற்சி வந்தால் பெயரைக் கொடுப்பது. தையல் வந்தால் தையல், கேக் ஐசிங் வந்தால் கேக் ஐசிங், அழகுக்கலை வந்தால் அழகுக்கலை. ஒரு வீட்டில் சுவர் நிறையச் சான்றிதழ் தொங்கும், வருமானம் பழையபடி தோட்டக் கூலிதான். ஒரே ஊரில் முப்பது பேருக்குத் தையல் பழக்கினால் சட்டை தைக்க வருகிறவர்களை முப்பதாகப் பிரிக்கத்தானே வேண்டும்?

ஆகவே திருப்பிப் போடுங்கள். உங்கள் வீட்டில் இருந்து சைக்கிளிலோ ஒரு பஸ்ஸிலோ போய் வரக்கூடிய தூரத்துக்குள் ஆர் ஆள் எடுக்கிறார்கள்? அச்சுவேலி கைத்தொழிற்பேட்டையில் என்னென்ன தொழிற்சாலை இயங்குகிறது, சுன்னாகத்தில் எத்தனை கராச், திருநெல்வேலியில் எத்தனை அலுமினியக் கடை, எந்த ஹோட்டலில் ஆள் தேவை என்று பலகை தொங்குகிறது? இரண்டு நாள் சுற்றுங்கள். ஐந்து இடத்தில் போய், “இந்த வேலைக்கு என்ன தெரிஞ்சிருக்க வேணும், சான்றிதழ் இருந்தால் எடுப்பீங்களோ?” என்று மட்டும் கேளுங்கள். வேலை கேட்கவில்லை, தகவல்தான் கேட்கிறோம் என்பதால் முகம் கொடுத்துப் பேசுவார்கள். அந்தப் பதிலோடு உத்தியோகத்தரிடம் போங்கள்.

ஒரு முதலாளி “பழகட்டும், எடுக்கிறன்” என்று சொன்னால் அதை விடாதீர்கள். அவரை நைற்றாவோடு தொடுத்துவிடலாம். அந்த இடத்திலேயே பயிலுநராக ஒப்பந்தம் போட்டு, வேலை பழகிக்கொண்டே கொடுப்பனவு பெற்று, முடிவில் தொழிற் பரீட்சைக்கு இருக்கலாம். வகுப்பில் ஆறு மாதம் இருந்து பிறகு வேலை தேடுவதை விட, ஏற்கெனவே வேலை இடத்துக்குள் நிற்கிறவருக்கு வேலை நிலைப்பது சுலபம். மனநோயில் இருந்து தேறி வருகிறவர்களுக்காக வெளிநாடுகளில் உருவான ஒரு முறையும் இதே வழியில்தான் போகிறது: முதலில் அவர் விரும்புகிற உண்மையான வேலையில் சேர்ப்பது, பயிற்சியையும் துணையையும் அந்த வேலைக்குள்ளேயே கொடுப்பது. நீண்ட காலம் பயிற்சி கொடுத்துவிட்டுப் பிறகு அனுப்புவதை விட அப்படிச் சேர்ந்தவர்கள் அதிகம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எங்கள் ஊர் ஆட்களிலும் நான் அதைத்தான் காண்கிறேன்.

வகுப்புப் பயிற்சிதான் வேண்டுமென்றால் இரண்டு விசயம் பாருங்கள். அந்த நிலையம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா, அந்தப் பாடநெறிக்கு என்விகியூ உண்டா. என்விகியூ என்பது தேசிய தொழிற் தகைமை, 1-இல் இருந்து 7 வரை மட்டங்கள். 2, 3, 4 கைத்தொழில் சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம். மூன்றாம் மட்டத்தில் தொடங்கினவர் படிப்படியாக ஏழுக்குப் போக வழி இருக்கிறது, ஓ.எல் கதவு பூட்டினாலும் இந்தக் கதவு திறந்துதான் இருக்கிறது. அழகான அட்டையில் பொன் எழுத்தில் அடித்த சான்றிதழ் தருகிற இடம் எல்லாம் என்விகியூ தருகிற இடம் இல்லை. காசு கட்ட முதல் பதிவிலக்கத்தைக் கேளுங்கள். அரச நிலையங்களில் பல பாடநெறிகள் இலவசம்.

இன்னொன்று, அரச வேலை எடுத்துத் தருகிறேன், பெயரைப் பட்டியலில் போடுகிறேன் என்று காசு கேட்கிறவர் வந்தால் கதவைச் சாத்துங்கள். நகை அடகு வைத்துக் கொடுத்துவிட்டு அழுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்தத் திட்டம் எதிலும் பதிவுக்கு இடைத்தரகர் கிடையாது.

கைவேலை தெரிந்தவர் முதலில் இருந்து படிக்கத் தேவையில்லை

இருபது வருடம் மேசன் வேலை செய்கிறவர், கடற்கரையில் எஞ்சின் கழற்றிப் பூட்டுகிறவர், வீட்டிலேயே சாறிக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவர், இவர்களுக்குத் தெரியாத ஒன்றை ஆறு மாத வகுப்பு சொல்லித்தரப்போவதில்லை. இவர்களிடம் இல்லாதது பேப்பர் மட்டும். அதற்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்ற வழி இருக்கிறது. நைற்றாவிலோ தொழிற்பயிற்சி அதிகார சபையிலோ விண்ணப்பிக்கலாம். ஓ.எல் தேவையில்லை. இத்தனை வருடம் இந்த வேலை செய்தேன் என்பதற்கு ஆதாரம் தேவை: வேலை செய்வித்தவர்களின் கடிதம், நீங்கள் கட்டின, தைத்த, பூட்டின வேலைகளின் படங்கள். பிறகு மதிப்பீட்டாளர் வந்து நீங்கள் வேலை செய்வதைப் பார்த்து, வாயால் கேள்வி கேட்டு முடிவு சொல்வார். கட்டணம் இருக்கிறதா, எவ்வளவு என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு மேசன் அண்ணை எட்டாம் வகுப்போடு நின்றவர். ஒரு கம்பனி நல்ல சம்பளத்துக்கு ஆள் எடுத்தது, என்விகியூ கேட்டது, அவரிடம் இல்லை. அவரைச் சம்மதிக்க வைக்கவே இரண்டு மாதம் போனது. “சோதினை எண்டால் எனக்குக் கை நடுங்கும் பிள்ளை, இங்கிலீசில கேட்டால் என்ன செய்யிறது?” மதிப்பீடு நடந்த காலையில் நானும் போய் வேப்பமரத்துக்குக் கீழே நின்றேன். அவர் முதலில் ஒரு சொல்லும் பேசவில்லை. இரண்டு பக்கமும் முளை அடித்து நூல் கட்டினார், விரலால் நூலைச் சுண்டிப் பார்த்தார், சாந்தைக் குழைத்துச் சாந்தகப்பையால் ஒரு தரம் வெட்டிப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணி தெளித்தார். மூன்றாம் வரிக் கல் வைக்கும்போது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து ஒரு கல்லை எடுத்துத் திரும்ப வைத்தார். கொப்பியோடு நின்ற மதிப்பீட்டாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “ஏன் அண்ணை அதை எடுத்தனீங்கள்?” என்று தமிழில்தான் கேட்டார். அண்ணை விளக்கத் தொடங்கினார், பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்ட படிவத்தில் சீமெந்து பட்ட பெருவிரல் அடையாளம் ஒன்றும் சேர்ந்து விழுந்தது. நாலாம் மட்டம் கிடைத்தது.

அஸ்வெசும வெட்டுப்படுமோ என்ற பயம்

பலர் இதைச் சொல்லித்தான் பயிற்சிக்கே வர மறுக்கிறார்கள், நியாயமான பயம்தான். அஸ்வெசும என்பது வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதம் மாதம் தருகிற உதவிப்பணம், 2023-இல் தொடங்கியது, சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்துக்கு வந்தது. மிக வறிய குடும்பத்துக்கு அப்போது 15,000 ரூபா, 2025-இல் இருந்து 17,500. வறிய குடும்பத்துக்கு 8,500 என்று இருந்தது 10,000 ஆனது. ஒரு குடும்பத்தைத் தெரிவு செய்வது படிப்பு, உடல்நலம், வருமானம், சொத்து, வீடு, குடும்பத்தில் உள்ளவர்கள் என்ற ஆறு பக்கங்களில் 22 குறிகாட்டிகளை வைத்து. ஒருவர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போகிறார் என்ற ஒன்றை மட்டும் வைத்து அந்தக் கணக்கு ஓடுவதில்லை. ஆனாலும் உங்கள் குடும்ப நிலை உங்களுக்குத்தான் தெரியும், பிரதேச செயலகத்தில் அஸ்வெசும பார்க்கிற உத்தியோகத்தரிடம் சேர முதலே கேளுங்கள்.

கணக்கையும் ஒரு தரம் போட்டுப் பாருங்கள். தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 சித்திரையில் 27,000 ரூபாவானது, 2026 தையில் இருந்து 30,000. அஸ்வெசும ஆயுசுக்கும் தருகிற காசு இல்லை, அந்த இரண்டு பிரிவுக்கும் மூன்று வருடம் என்றுதான் தொடங்கினார்கள். அந்தக் காசு கைக்கு வருகிற காலத்திலேயே தொழில் பழகி முடித்தால் பழகுகிற மாதங்களில் அடுப்பு எரிய அது உதவும்.

மாற்றுவலுவுள்ளவர்கள்

அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் 3 சதவீத வேலையை மாற்றுவலுவுள்ளவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்ற பொது நிர்வாகச் சுற்றறிக்கை 1988-இல் வந்தது, 27/88 என்பது அதன் இலக்கம். 1996-ஆம் ஆண்டின் 28-ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு எடுப்பதிலோ கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதிலோ வலுவிழப்பைக் காரணம் காட்டி ஒதுக்கக்கூடாது என்று சொல்கிறது. இந்த இரண்டு இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி ஃபைலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அரச விளம்பரத்துக்கு விண்ணப்பிக்கும்போது கடிதத்தில் குறிப்பிடுங்கள். நடைமுறையில் அந்த 3 சதவீதம் இன்னும் ஒழுங்காக நிறைவேறவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்த துயரம். ஆனால் கேட்கிறவர்கள் குறைந்தால் அது இன்னும் குறையும்.

பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரைப் பாருங்கள், சமூக சேவைகள் திணைக்களம் மாற்றுவலுவுள்ளவர்களுக்கென்று தொழிற்பயிற்சி நிறுவனங்கள் நடத்துகிறது. செயற்கை உறுப்புத் தேய்ந்துபோய் வேலை செய்யக் கஷ்டமென்றால் முதலில் அதை மாற்றுங்கள், யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் இருக்கிறது. சரியாகப் பொருந்தாத காலோடு எட்டு மணித்தியாலம் நிற்கிற வேலைக்குப் போய் இரண்டாம் கிழமை புண் வந்து நின்றவரை எனக்குத் தெரியும். வேலை இடத்தில் ஒரு உயரமான கதிரை, வாசலில் ஒரு சரிவுப் பலகை, இப்படிச் சின்ன விசயம் என்ன தேவை என்று நேர்முகத்திலேயே சொல்லிவிடுங்கள். முதலாளிக்கு என்ன தேவை என்று தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவார்.

போருக்குப் பிறகு புனர்வாழ்வு பெற்று வந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. படிவத்தில் கேட்கிறதற்கு உண்மையாகப் பதில் எழுதுங்கள், கேட்காததை நீங்களாக எழுதத் தேவையில்லை. உங்களுக்குத் தெரிந்த கைத்தொழிலை, வாகனம் ஓட்டுவதை, மரவேலையை, சமையலை, கணக்கு எழுதுவதை முன்னுக்கு வையுங்கள்.

சுயதொழில் என்று சொல்லி அனுப்பினால்

சில பெண்களுக்கு அதுதான் பொருந்தும், மறுக்கவில்லை. விதாதா வள நிலையம், சிறுதொழில் முயற்சி அபிவிருத்திப் பிரிவு, கைத்தொழில் அபிவிருத்திச் சபை எல்லாம் பயிற்சியும் ஆலோசனையும் தருகின்றன. பனை வேலை என்றால் கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஆனால் முதல் காசைக் கடனாக வாங்காதீர்கள். எங்கள் மண்ணில் நுண்கடன் செய்த வேலையை நாங்கள் கண்ணால் கண்டோம், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற ஆளுக்குப் பயந்து பெண்கள் பின்பக்கத்தால் ஓடின காலம் அது, 2018-இல் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்தது. மானியமாகத் தையல் மெசின் கிடைத்தால் வாங்குங்கள். கடனாக என்றால், மூன்று மாதம் கையில் உள்ள சாமானை வைத்துச் செய்து விற்றுப் பார்த்த பிறகு யோசியுங்கள்.

நாலாவது கிழமை

முதல் கிழமை ஆசையில் போய்விடும். இரண்டாம் மூன்றாம் கிழமையும் இழுத்துப் பறித்துப் போகலாம். நாலாம் கிழமையில்தான் நிற்பார்கள். அந்தப் பால்மாப் பைத் தங்கச்சியும் அப்படித்தான் நின்றா. தையல் வகுப்பு பின்னேரம் நாலு மணி வரை, மகனுக்குப் பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடியும். பெடியன் வெயிலில் படலையடியில் இருந்து அழுகிறான் என்று அயலவர் சொன்ன அன்றோடு அவ வகுப்பை விட்டா. எங்களுக்குச் சொல்லவும் வெட்கப்பட்டு ஒரு மாதம் சங்கத்துப் பக்கமே வரவில்லை.

ஆகவே சேர முதலே, பதிகிற அதே கிழமையில், இதற்கு ஒழுங்கு செய்யுங்கள். ஒன்றரையில் இருந்து ஐந்து மணி வரை பிள்ளை ஆரோடு? அவருக்கு வருத்தம் வந்தால் இரண்டாவது ஆள் ஆர்? பஸ்ஸுக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு, முதல் கொடுப்பனவு வரும்வரை அதை ஆர் தருவது? கொடுப்பனவு முதல் மாதமே வராது, வரவுப்பதிவு போய்த்தான் காசு வரும், அந்த இடைவெளிக்குச் சங்கத்தில் கைமாற்றுக் கேட்கலாம். பயிற்சி பெறுகிறவருக்கு பஸ் பருவச்சீட்டு எடுக்கலாமா என்று நிலையத்தில் கேளுங்கள். வீட்டில் மாமியாரோ தமையனோ மறுப்பார்கள் என்றால் அவர்களை ஒரு நாள் பயிற்சி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், வாயால் விளங்கப்படுத்துவதை விட அது வேலை செய்யும்.

ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் போங்கள். மூன்று நாள் தவறினால் போன் எடுத்துக் காரணத்தைச் சொல்லுங்கள். பயிற்றுநர்கள் கல் இல்லை. நிற்கத்தான் வேண்டுமென்றால் முடித்த பகுதிக்குக் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு நில்லுங்கள், பல பாடநெறிகளுக்கு வருடத்தில் இரண்டு தரம் ஆள் எடுக்கிறார்கள், திரும்பச் சேரலாம்.

வேலை கிடைத்த பிறகு

நியமனக் கடிதம் கேளுங்கள். அதில் சம்பளம், வேலை நேரம், தொடங்கிய திகதி இருக்க வேண்டும். முதல் நாளில் இருந்தே ஊழியர் சேமலாப நிதி உண்டு: உங்களுடைய 8 சதவீதம், முதலாளியுடைய 12, அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி 3. 30,000 சம்பளத்தில் உங்களிடம் கழிவது 2,400, முதலாளி சேர்ப்பது 3,600-உம் 900-உம். “தகுதிகாண் காலம் முடியட்டும், பிறகு போடுறன்” என்றால் அது சரியில்லை, தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடலாம். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையை வேலைக்கு அனுப்பக்கூடாது, 2021-இல் இருந்து அதுதான் சட்டம், அந்த வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான்.

மனிதவள உத்தியோகத்தரிடம் திரும்பப் போய் வேலை கிடைத்ததைச் சொல்லுங்கள், மூன்றாம் மாதம் ஒரு தரம் அவரை அழைத்து நிலைமையைச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரோடு ஒரு சின்னப் பிரச்சினை வந்து நாளைக்கு விட்டுவிடலாம் என்று நினைக்கிற இரவு எல்லாருக்கும் வரும், அந்த இரவில் பேச ஒரு ஆள் வேண்டும்.

அந்தத் தங்கச்சி இரண்டாம் தரம் வகுப்புக்குப் போகவில்லை. தன் வீட்டில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடத்தில் இருக்கிற ஒரு தையற்கடையைத் தானே போய்க் கேட்டா, கடைக்கார அம்மா சம்மதித்தா, பயிலுநராகப் பதிந்து எட்டு மாதம் ஆகிறது. மகன் பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்குத்தான் வருகிறான். வெட்டுத்துணி மூட்டைக்கு மேல் இருந்து வீட்டுப்பாடம் செய்கிறான், எழுத்து நன்றாக இருக்கிறது.

ஃபைலை மட்டும் எறியாதீர்கள். அடுத்த மட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அதே பத்திரங்கள்தான் கேட்பார்கள்.